காற்று இறங்குதுன்னு போனால் ரிம்மையே மாற்றச் சொல்வார்கள், உடனே தலையாட்டாதீர்கள்

சென்னையில் மவுன்டன் பைக் ஓட்டுகிறவர்கள், அதிலும் புதிதாக டியூப்லெஸ்ஸுக்கு, அதாவது டியூப் இல்லாமல் டயருக்குள்ளேயே காற்றை நிறுத்தும் முறைக்கு மாறப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். என் வண்டியை மாற்றிக் கொடுத்த கடைக்காரர்களே ரிம்மின் உட்புறம் ஒழுங்காக ஒட்டாத டேப்பால் காற்று இறங்கியது. அதற்கு ரிம்மில் விரிசல் என்று சொல்லி, 18,000 ரூபாய் வீல் செட்டை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இப்போதைக்குப் போடவில்லை. தென் சென்னையில் பெரிய கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த கடை. அந்தப் பகட்டைப் பார்த்து வேலை சுத்தமாக இருக்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

என்னுடையது 29 இன்ச் வண்டி. டயரும் ரிம்மும் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றவைதான். ரிம் டேப், வால்வு, சீலன்ட் (துளையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்), கூலி எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் வாங்கினார்கள். பில்லில் ‘டியூப்லெஸ் கன்வர்ஷன்’ என்று ஒரே ஒரு வரி. மாலையில் 25 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்து வைத்தால் காலையில் முன் டயர் தரையோடு ஒட்டிக்கிடக்கும். டியூப்லெஸ்ஸில் வாரத்துக்குச் சில பிஎஸ்ஐ குறைவது சகஜம். ஒரே ராத்திரியில் முழுக்க இறங்குவது சகஜமே இல்லை. ஆனால் கடைக்காரர், “புது டயர் சார், செட் ஆக டைம் எடுக்கும்” என்று திருப்பி அனுப்பினார். மறுபடி போனபோது இன்னும் கொஞ்சம் சீலன்ட் ஊற்றி, அதற்கும் தனியாகக் காசு வாங்கினார்.

அதற்கடுத்த முறைதான் விரிசல் கதை வந்தது. ரிம்மில் சோப்புத் தண்ணீர் தெளித்து, வால்வுக்கு நேர் எதிரே இருக்கும் இணைப்பில் குமிழி கிளம்புவதைக் காட்டினார். “பாருங்க சார், ஜாயின்ட்ல கிராக். இதுல இனிமே காத்து நிக்காது. ரெண்டு வீலையும் மாத்திடுங்க.” கண் முன்னால் குமிழி வரும்போது யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? இந்த இடத்தில்தான் பலரும் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அலுமினிய ரிம் என்பது உள்ளே கூடாக இருக்கும் ஒரு நீளப் பட்டையை வட்டமாக வளைத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துச் செய்வது. சிலவற்றில் வெல்டிங் வைப்பார்கள், சிலவற்றில் உள்ளே ஒரு துண்டைச் செருகி இறுக்குவார்கள். செருகிய இணைப்பு காற்றுப் புகாத மூடியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. காற்றைத் தடுத்து நிறுத்துவது டேப். ஸ்போக் ஓட்டைகள் எல்லாவற்றையும் மூடி, டயருக்குள் இருக்கும் காற்று ரிம்மின் கூட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. டேப்பில் எங்கோ ஓர் இடத்தில் கசிந்தால் காற்று முதலில் அந்தக் கூட்டுக்குள் நுழையும், அப்புறம் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வெளியே வரும். நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்டு) வழியாக வரலாம், வால்வு ஓட்டை வழியாக வரலாம், இணைப்பு வழியாகவும் வரலாம். கூரையில் ஓர் இடத்தில் ஒழுகும் மழைத் தண்ணீர் சுவரில் வேறெங்கோ ஈரம் காட்டுவது மாதிரி. குமிழி வரும் இடம் வேறு, கோளாறு இருக்கும் இடம் வேறு. டயரைக் கழற்றி டேப்பைப் பார்க்காமல் ரிம் போச்சு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அந்த வார இறுதியில் நண்பர்களோடு ஏலகிரி போவதாக இருந்தது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது முன் சக்கரத்தில் காற்று குறைந்தால் டயரின் ஓரம் ரிம்மை விட்டு நழுவும், வண்டி நம் கையில் நிற்காது. இதைத் தெரிந்த ஒருவர் “செட் ஆகிடும்” என்று சொல்லி வாடிக்கையாளரை அனுப்புவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பயணத்தை ரத்து செய்துவிட்டேன்.

பாரிமுனை ரத்தன் பஜார் பக்கம் வீல் கட்டி, பெண்டு எடுக்கும் பெரியவர் ஒருவரிடம் அப்புறம் சக்கரத்தைக் கொண்டுபோனேன். முதலில் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றினார். இணைப்பில் மட்டுமல்ல, வரிசையாக நாலைந்து நிப்பிள்களிலும் பொடிக் குமிழிகள். உடனே டயரைக் கழற்றினார். ரிம்மின் உள் அகலம் 30 மில்லிமீட்டர், ஒட்டியிருந்த டேப் 25. ஒரு பக்கமாக நகர்ந்துபோய், ஸ்போக் ஓட்டைகளின் ஓரம் பிறை மாதிரி திறந்து தெரிந்தது. விரல் நகத்தால் லேசாகத் தூக்கினார், டேப் முழு நீளத்துக்கும் உரிந்து கையோடு வந்தது. அடியில் பழைய பிசுக்கு அப்படியே இருந்தது. ரிம்மைத் துடைக்கக்கூட இல்லை. வால்வு வரும் இடத்தில் பிளேடால் பெருக்கல் குறி மாதிரி கிழித்திருந்தார்கள், அந்தக் கிழிசல் வால்வின் ரப்பரைத் தாண்டி ஓடியிருந்தது.

“தம்பி, ரிம்முக்கு ஒண்ணுமே ஆகல. ஓட்டையையே மூடல, அப்புறம் காத்து எப்படி நிக்கும்?” என்றார்.

உள்ளே இருந்த சீலன்ட்டும் சைக்கிளுக்கானது இல்லை. ஸ்கூட்டர் டயரில் ஊற்றும் நார் கலந்த பச்சை ஜெல். சைக்கிள் சீலன்ட் பெரும்பாலும் ரப்பர் பாலில் செய்தது, துளை வழியே கசியும்போது உறைந்து அடைக்கும். பல பிராண்டுகளில் அமோனியா வாடை மூக்கில் ஏறும். மெல்லிய சைக்கிள் டயரின் ஓரத்தில் அந்த ஜெல் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. என்ன ஊற்றுகிறார்கள் என்று பாட்டிலைக் கேட்டுப் பாருங்கள். என் டயர் அளவுக்குச் சக்கரத்துக்கு 100 மில்லி சுமாராக வேண்டும்.

பெரியவர் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிட்டார். 33 மில்லிமீட்டர் டேப்பை எடுத்தார். உள் அகலத்தைவிட 2 முதல் 4 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால்தான் இரண்டு ஓரமும் ரிம்மின் சுவரில் ஏறி ஒட்டும். டேப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடியே சுற்றி, வால்வு ஓட்டையைத் தாண்டி ஒரு சாண் மேலேறி ஒட்டி முடித்தார். பிறகு டியூபைப் போட்டுக் காற்றடித்து ஒரு ராத்திரி வைத்தார், அந்த அழுத்தத்தில் டேப் பள்ளத்தில் படிந்து பிடித்துக்கொள்ளும். வால்வுக்குப் பிளேடைத் தொடவே இல்லை, சூடாக்கிய ஊசியால் சின்னதாக ஒரு துளை. வால்வு நட்டைக் கையால்தான் முறுக்கினார், குறடு போட்டால் அடியில் இருக்கும் ரப்பர் நசுங்கிவிடும் என்றார். சீலன்ட் ஊற்றியபின் சக்கரத்தைக் குலுக்கி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் படுக்கப் போட்டு வைத்தார். அதன்பிறகு காற்று நிற்கிறது. ரிம் அதே பழைய ரிம்.

எல்லாக் கசிவும் டேப்பால் வருவதில்லை. வால்வின் நுனியில் எச்சில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் வால்வு கோர் (வால்வுக்குள் திருகியிருக்கும் சின்ன பாகம்) தளர்ந்திருக்கும், அல்லது காய்ந்த சீலன்ட் சிக்கி அது சரியாக மூடாமல் இருக்கும். கோர் மாற்ற அதிகம் செலவாகாது. டயரின் பக்கச் சுவரில் முதல் ஓரிரு நாள் பொடிப் பொடியாக வியர்த்தால் கவலை வேண்டாம். ரிம்மும் டயரும் சேரும் ஓரத்தில் ஒரே இடத்தில் விடாமல் குமிழி வந்தால் அங்கே அழுக்கோ நெளிசலோ இருக்கும். சீலன்ட் 2 முதல் 6 மாதம் வரும் என்று சொல்வார்கள், நம்மூர் வெயிலுக்குக் குறைந்த கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கினால் உள்ளே சளக் சத்தம் கேட்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது. ரிம்மில் நிஜமாகவே விரிசல் விழுவதும் உண்டு, பெரும்பாலும் ஸ்போக் ஓட்டையைச் சுற்றி. அதைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள்.

உரித்த டேப்பையும் ஜெல்லையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பப் போனேன். “வெளியில கை வெச்ச வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல” என்று கைவிரித்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பில்லில் டேப்பின் அகலம், சீலன்ட்டின் பெயர், அளவு எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் பில்லில் அது இல்லாததைத்தான் இப்போது அவர்கள் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பணம் இன்னும் திரும்பவில்லை. என்ன பதில் வந்தாலும் இங்கேயே எழுதுகிறேன்.