நத்தம் ரோடு விளையாட்டுப் பள்ளி: சார்ட்டில் ஐந்து இலக்கு, தரையில் மூன்று

வாசலில் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் பெரிய சார்ட். மொழி, எண், உடல், கை நுணுக்கம், கூடிப் பழகுதல் என ஐந்து கற்றல் இலக்குகள். 3 முதல் 8 வயதுக்காக மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட அடிப்படை நிலைக் கலைத்திட்டத்தின் சாயல் தெரிகிறது. சார்ட் எந்தப் பள்ளியில்தான் இல்லை? மதுரை நத்தம் ரோட்டை ஒட்டிய இந்தச் சின்ன ப்ளே ஸ்கூலில் ஐந்தில் மூன்று தரையிலும் நடக்கிறது.

மொழிக்கு முழு மதிப்பெண். பின்னறையில் ஒரு மேசை, நாலு எவர்சில்வர் டம்ளர், ஒரு கரண்டி. அதுதான் ஜிகர்தண்டா கடை. "அண்ணே, ரெண்டு குடுங்க" என்று ஒரு பிள்ளை கேட்க, கடைக்காரப் பையன் பால், கடல்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம் என்று சொல்லிக்கொண்டே ஊற்றுகிறான். ஐஸ்கிரீமை முதலில் போட்ட புதுக் கடைக்காரிக்கு வாங்க வந்தவளே திருத்தம் சொல்கிறாள். வரிசையாகச் சொல்வது, முறை வரும்வரை நிற்பது, 'பில்' என்று கிறுக்கி நீட்டுவது எல்லாம் அந்த ஒரே மேசையில்; கூடிப் பழகுதலும் அதிலேயே வந்துவிடுகிறது. அந்த 'பில்' கிறுக்கல்தான் எழுத்தின் தொடக்கம். அதை அழித்துவிட்டு 'அ' போடச் சொல்லும் மிஸ் இங்கே இல்லை. "பால் தீந்துபோச்சுன்னா என்ன பண்ணுவ தங்கம்?" என்று மிஸ் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். பதில் வர பத்து விநாடி ஆகும், அதுவரை பொறுப்பவர்கள் அரிது. விளையாட்டு ஒரே இழுப்பாக 50 நிமிடம். 20 நிமிடம் என்றால் யார் கடைக்காரர் என்ற சண்டை தீருவதற்குள் மணி அடித்துவிடும்.

கை நுணுக்கத்துக்கும் குறையில்லை. மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகளில் பெரும்பாலானவை இன்னும் குருத்தெலும்புதான். அப்போதே பென்சிலைத் திணித்தால் முஷ்டியாய்ப் பிடித்து, தோளை அசைத்து எழுதும். இங்கே முதலில் மாவு, பிறகு துணிக் கிளிப், நாலு வயதுப் பிரிவுக்குத் தை மாதத்தில் மொச்சைக்காய் உரிப்பது. மாவுக்கு 2 டம்ளர் மைதா, 1 டம்ளர் பொடியுப்பு, 2 ஸ்பூன் எண்ணெய், முக்கால் டம்ளர் தண்ணீர். உப்பைக் குறைத்தால் மதுரை வெயிலுக்கு மறுநாளே புளித்து நாறும்; கல்லுப்பு போட்டால் விரலில் நெருடும், பிள்ளை தொடாது.

எண்ணில்தான் சறுக்கல். பல்லாங்குழி வைத்தது நல்ல யோசனை. ஆனால் 14 குழி, குழிக்கு 5 முத்து, மொத்தம் 70 என்று பெரியவர்கள் ஆட்டத்தையே மூன்றரை வயதுக்குக் கொடுத்தால் எப்படி? வாய் "ஆறு, ஏழு" என்று ஓடுகிறது, கை நாலாவது குழியில் நிற்கிறது. குழிக்கு ஒரு முத்து, முத்துக்கு ஓர் எண் என்ற பொருத்தம் வராமல் நூறு வரை ஒப்பித்து என்ன பயன்? ஒரு வரிசை 7 குழி, கையில் 5 முத்து என்று தொடங்கலாம். போட்டு முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும் பிள்ளைக்குக் கடைசி எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. முத்துகளோ புளியங்கொட்டை, அதே அறையில் இரண்டரை வயதுக்காரர்களும் இருக்கிறார்கள்! மூக்கில் போகும், தொண்டையில் அடைக்கும். சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் நுழையும் எதுவும் அந்த வயதின் கைக்கு எட்டக்கூடாது.

பொங்கல் கழிந்தால் எல்.கே.ஜி. அட்மிஷன் பயம் வீட்டில் தொடங்கும். பள்ளியும் வளைந்துகொடுத்து, 50 நிமிடத்தை 25 ஆக்கி, புள்ளி சேர்த்து எழுதும் ஒர்க் ஷீட்டைப் புகுத்துகிறது. "பேரன்ட்ஸ் கேக்குறாங்க" என்பது பதில். கேட்கத்தான் செய்வார்கள், சார்ட்டில் அந்த இலக்கு இல்லையே.

மணல் தொட்டிக்குத் தார்ப்பாய் மூடி உண்டு, பூனை அண்டாது. தகரச் சறுக்கு மரம் மட்டும் கிழக்கே வெட்டவெளியில் நிற்கிறது. மார்ச் பிறந்தால் பத்து மணிக்கே தொடை சுடும். பத்தடி தள்ளி வேப்பமர நிழல் சும்மா கிடக்கிறது.

பார்க்கப் போகிறவர்கள் காலை வழிபாட்டு நேரத்தில் போக வேண்டாம். 10.30-க்குப் போங்கள், ஜிகர்தண்டா கடை அப்போதுதான் திறக்கும்.