எஃப் எழுத்து எங்கே போனது? பழைய ராணுவ ஜீப்பைப் பட்டறையில் விடப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நான்கு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். வியாழக்கிழமை மாலை வண்டி வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்தத் தொகைதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று ஞாயிறு இரவு. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று அம்மா சொன்னார். ஆறிவிட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோத்தகிரியில். தாத்தா 1947-இல் சென்னையில் நடந்த டிஸ்போசல் ஏலத்தில் ஓர் அமெரிக்க ராணுவ ஜீப்பை எடுத்தார். போர் முடிந்து ராணுவம் விட்டுப்போன வண்டி. அதன் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டி, முப்பது வருடத்துக்கு மேல் மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு இறக்கியிருக்கிறார். தாத்தாவுக்குப் பிறகு அப்பா. சுமை ஏற்றுவதை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஊட்டிக்குக் கொண்டுபோவார். அப்பா இறந்தபோது வண்டி இரண்டு வருடமாக ஓடாமல் கொட்டகையில் நின்றிருந்தது. அதை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்பது என் ஆசை. விற்கவோ கண்காட்சியில் நிறுத்தவோ நினைத்ததில்லை.

கொங்குப் பக்கம் ஓர் ஊருக்கு வெளியே இருக்கும் பட்டறை அது. பெயர் சொல்லப் போவதில்லை, வழக்கறிஞர் வேண்டாம் என்கிறார். பழைய ராணுவ வண்டிகளை மட்டும் எடுத்துச் சீர்செய்வதாகச் சொல்லிக்கொள்வார்கள். துருப்பிடித்த ஜீப் ஒரு படத்தில், பளபளக்கும் ஜீப் அடுத்த படத்தில் என்று சமூக வலைத்தளத்தில் நிறையப் போட்டிருப்பார்கள். உரிமையாளருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வண்டியைப் பார்க்க அவரே மலை ஏறி வந்தார்.

அவரை நான் நம்பிய நிமிடத்தைச் சொல்கிறேன். இந்தப் பதிவில் முக்கியமானது அதுதான்.

வந்தவர் விலை பேசவில்லை. போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு ஈரத்தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்ததும், “அக்கா, இது வில்லிஸ் இல்லை, ஃபோர்ட்” என்றார். எழுபது வருடமாக எங்கள் வீட்டில் எல்லோரும் வில்லிஸ் ஜீப் என்றுதான் சொல்லிவந்தோம். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ரேடியேட்டருக்குக் கீழே சேஸிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாயாக இருக்குமாம், ஃபோர்டில் கவிழ்த்த ‘ப’ போல மடித்த தகடாம். எங்கள் வண்டியில் மடித்த தகடு. பிறகு ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்து முன்பக்க போல்ட் ஒன்றைத் துடைத்தார். அழுக்கு போனதும் போல்ட்டின் தலையில் சின்னதாக ஓர் எழுத்து தெரிந்தது. ஆங்கில எஃப். “ஃபோர்ட் கம்பெனி தன் பாகத்தில் எல்லாம் இதை அடித்துவிடும் அக்கா. இந்த போல்ட் ஒன்றுக்காக வெளிநாட்டில் தவம் கிடக்கிறார்கள்” என்றார்.

அவர் சொன்னதெல்லாம் உண்மை. பிறகு நானும் தேடிப் படித்தேன். வில்லிஸ் நிறுவனத்தின் வடிவமைப்பை வைத்து ஃபோர்டையும் அமெரிக்க ராணுவம் ஜீப் செய்யச் சொன்னது. 1941 முதல் 1945 வரை இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தன. ஃபோர்ட் செய்ததற்கு ஜி.பி.டபிள்யூ. என்று பெயர். ஜி என்றால் அரசு, பி என்றால் முன், பின் அச்சுகளுக்கு இடையில் 80 அங்குலத் தூரம், டபிள்யூ என்றால் வில்லிஸ் வடிவமைப்பு. இரண்டுக்கும் ஒரே 2,199 சி.சி. பெட்ரோல் என்ஜின், 60 குதிரைசக்தி. ஆனால் ஃபோர்ட் தொழிற்சாலை சேஸிஸிலும் என்ஜினிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்பியது. எண்பது வருடம் கழித்தும் அந்த இரண்டு எண்ணும் ஒத்திருக்கும் வண்டி கிடைப்பது அரிது. எங்கள் வண்டியில் ஒத்திருந்தது. அதையும் அவர்தான் எனக்குக் காட்டினார்.

இவ்வளவு தெரிந்த மனிதர் கெடுதல் செய்ய மாட்டார் என்று நம்பினேன். எதைக் கழற்றினால் எவ்வளவு தேறும் என்பதும் அதே மனிதருக்குத்தான் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்றரை லட்சம் முன்பணம் கொடுத்தேன். வண்டியை லாரியில் ஏற்றும்போது அம்மா முகப்பில் திருநீறு பூசி அனுப்பினார். நான்கு மாதத்தில் முடியும் என்றார் பட்டறைக்காரர். இரண்டாவது மாதம், வெளிநாட்டிலிருந்து பாகங்கள் வரவழைக்க வேண்டும் என்று இரண்டு லட்சம் கேட்டார். அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, “நமக்குள் எதற்கு அக்கா ரசீது” என்றார். அதன் பிறகு பதின்மூன்று மாதம் ஓடியது. மழை, பெயிண்ட் காயவில்லை. பெயிண்டரின் மாமியார் இறந்துவிட்டார். ஆடி மாதம், வேண்டாம். ஆயுத பூஜைக்குப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பட்டறைப் பையன் போனை எடுத்தால், அண்ணன் வெளியூரில் இருக்கிறார். அண்ணன் சாப்பிடுகிறார். அண்ணன் போனை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒருமுறை சொல்லாமல் நேரில் போனேன். எங்கள் வண்டி தார்ப்பாய்க்குள் இருந்தது. பெயிண்ட் ஈரமாக இருக்கிறது, தூசி ஒட்டும் என்று பக்கத்தில் விடவில்லை. அப்போதே தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன். கடைசியாகப் பெயிண்டுக்கும் சீட்டுக்கும் என்று ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஆக மொத்தம் 4,60,000 ரூபாய். அப்பாவின் சேமநிதிப் பணம்.

வியாழக்கிழமை வண்டி வந்து இறங்கியது. பார்க்க மின்னியது. தாத்தா பூசிய சாம்பல் நிறத்தையே பூசச் சொல்லியிருந்தேன். ராணுவப் பச்சையைப் பூசி, முகப்பில் வெள்ளை நட்சத்திரமும் வரைந்திருந்தார்கள். ராணுவத்துக்குச் சொந்தமான வண்டியைத் தவிர வேறு எதிலும் அந்த ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. ராணுவ வண்டிகளையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாதா?

சக்கரங்களைப் பார்த்தேன். ஐந்தும் சாதாரண டிஸ்க். எங்கள் வண்டியில் இருந்தவை இரண்டு பாதியாகப் பிரிந்து, சுற்றிலும் நட்டு போட்டு இறுக்கும் ராணுவ டிஸ்க்குகள். போன் செய்து கேட்டேன். “அது ஆளைக் கொல்லும் அக்கா, காற்றோடு நட்டைக் கழற்றினால் வெடித்துவிடும், எடைக்குப் போட்டுவிட்டோம்” என்றார். காற்றை முழுதாக இறக்காமல் அந்த நட்டைத் தொடக்கூடாது என்பது உண்மைதான். அப்பா எனக்கே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதற்காக ஐந்து டிஸ்க்கையும் என்னைக் கேட்காமல் எடைக்குப் போடுவார்களா? யாரிடமோ நல்ல விலைக்குப் போயிருக்கும்.

அதன் பிறகுதான் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன் பம்பர், முகப்புக் கம்பித் தகடு, ஃபெண்டர் என்று ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்தேன். எல்லாம் புது போல்ட். ஒன்றில்கூட எஃப் இல்லை. டாஷ்போர்டில் கையுறைப் பெட்டி மூடியில் இருந்த மூன்று பித்தளை நிறத் தகடுகளின் இடத்தில், நேற்று அச்சடித்ததுபோல் மூன்று புதுத் தகடுகள்.

அடுத்தது என்ஜின். வலப்பக்கம் ஆயில் ஃபில்டருக்கு அருகில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு மட்டமான இடம் உண்டு, எண் அங்கேதான் இருக்கும். எண் இருந்தது. அதே எண்தான். ஒரு நிமிடம் நிம்மதியாகிவிட்டது. விரலால் தடவியபோது ஓரம் கூர்மையாக இடித்தது. நகத்தால் பெயிண்டைச் சுரண்டினேன், அடியில் இரும்பு வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. எண்பது வருடத்து இரும்பு அப்படி இருக்காது.

அப்பாவின் கோப்பை எடுத்தேன். ஆர்.சி. புதுப்பிக்கும்போது எண்ணின் மேல் தாளை ஒட்டி பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள் அல்லவா, அப்பா ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி கூடுதலாக எடுத்து வைத்திருந்தார். நான்கு பிரதிகள். நான்கிலும் ‘4’ தலை திறந்திருக்கிறது, ‘7’ கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. இப்போது என்ஜினில் இருக்கும் ‘4’ மூடிய முக்கோணம். ‘7’ மற்ற இலக்கங்களோடு நேர்கோட்டில் நிற்கிறது. வேறு ஒரு என்ஜினை வைத்து, அதன் எண்ணைத் தேய்த்து அழித்து, எங்கள் எண்ணை அடித்திருக்கிறார்கள். எங்கள் என்ஜின் வேறு எங்கோ இருக்கிறது.

ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021-இல் விதி வந்தது. அதற்கு சேஸிஸும் உடற்கூடும் என்ஜினும் மாற்றப்படாமல் அசலாக இருக்க வேண்டும். அதில் பதிய வேண்டும் என்பதுதான் என் திட்டம். இப்போது அது போனது மட்டுமல்ல, எண் திருத்தப்பட்ட என்ஜினோடு ஒரு வண்டி என் பெயரில் நிற்கிறது. நாளை ஆய்வாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

தரைத்தகட்டையும் பார்த்துவிட்டேன். இந்த ஜீப்புகளில் தரைக்கு அடியில் தொப்பி வடிவில் மடித்த சட்டங்கள் ஓடும், அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பை உள்ளிருந்தே தின்றுவிடும். அவற்றை வெட்டி எடுத்துப் புதுச் சட்டம் வைப்பதாகச் சொல்லித்தான் பணம் வாங்கினார். துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், விரல் தடிமனுக்குப் பட்டி உதிர்ந்தது. உள்ளே பழைய துருவும் உளுத்த மரமும் அப்படியே இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டு அண்ணன் கடைவீதி இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார். பாதி வழியில் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. இந்த வண்டிக்கு நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் குழாய்த் தொடர்தான். ஓர் இடத்தில் எண்ணெய் கசிந்தால் நான்கும் போச்சு. கைபிரேக் மட்டும் தனியாக டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் சக்கரங்களுக்கு என்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் இருப்பதால், இரண்டாவது கியருக்கு வந்து அதை இழுத்து நிறுத்தியிருக்கிறார். இறங்கும்போது அவர் கை நடுங்கியது. கழற்றிப் பார்த்தால் சக்கர சிலிண்டர்களில் பழைய ரப்பரே இருக்கிறது, வெளியே மட்டும் பெயிண்ட்.

பட்டறைக்கு மறுபடி போன் செய்தேன். “நீங்கள் கொடுத்தபோதே என்ஜின் அப்படித்தான் இருந்தது” என்றார். பென்சில் அச்சு இருக்கிறது என்றதும் குரல் மாறியது. “வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள்” என்றார். அக்கா என்ற சொல் அதோடு நின்றது. இப்போது என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார். காவல் நிலையத்தில் முதலில் இது பணத் தகராறு, சிவில் விவகாரம் என்றார்கள். என்ஜின் எண்ணை அழித்து அடித்திருப்பதை எழுத்தில் கொடுத்த பிறகுதான் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, தந்தார்கள். நாளை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கிறேன். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 4,60,000 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது வங்கிப் பரிமாற்றப் பதிவும் அவருடைய குரல் செய்திகளும்தான்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். வண்டியை அனுப்புமுன் என்ஜின், சேஸிஸ் எண்களைப் பென்சில் அச்சு எடுத்து, படமும் எடுத்து வையுங்கள். கழற்றும் பழைய பாகம் எல்லாம், துருப்பிடித்த போல்ட் உட்பட, சாக்கில் கட்டித் திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் இரண்டாவது தவணை கொடுக்காதீர்கள். பெயிண்ட் அடிக்கும் முன் வெறும் தகடாக ஒருமுறை நேரில் பாருங்கள், தார்ப்பாயைத் தூக்க விடாவிட்டால் அன்றே வண்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். ராணுவ ஏலத்தில் எடுத்தது என்று யாராவது வண்டி விற்க வந்தால், ராணுவம் கொடுத்த அசல் விற்பனைச் சான்றிதழ், படிவம் 21, கையில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள். அது இல்லாமல் பதிவு கிடைக்காது.

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள், பாகங்கள் வாங்கி விற்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். ஜி.பி.டபிள்யூ. என்று தொடங்கி 417 என்று முடியும் என்ஜின் உங்களிடம் விலைக்கு வந்தால், அல்லது ஏற்கெனவே வாங்கியிருந்தால், கீழே ஒரு வரி எழுதுங்கள். அதில் ‘4’-இன் தலை திறந்திருக்கும், ‘7’ கொஞ்சம் இறங்கியிருக்கும். வாங்கியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கொடுத்த விலையைப் பேசிக்கொள்ளலாம். அந்த என்ஜின் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.