தண்ணீர் பாட்டிலா, கட்டரா, கெட்டி கேனா: இன்சுலின் ஊசியை எதில் போடுவது?

அம்மாவுக்குக் காலையிலும் ராத்திரியிலும் இன்சுலின். மாதம் 60 ஊசி சேரும். பாலக்கோட்டில் எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் அக்காவின் விரலில் ஒருநாள் அதில் ஒன்று குத்திவிட்டது. தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடித்தான் கொடுத்திருந்தோம். மூட்டைகளுக்கு நடுவே பாட்டில் நசுங்கி, ஊசி வெளியே வந்திருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவவைத்து, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே 7 நாள்கூட உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீர் பாட்டில் வேண்டவே வேண்டாம்.

எருக்குழியில் போட்டுக் கொளுத்துகிறவர்களும் உண்டு. பிளாஸ்டிக் எரியும், இரும்பு எரியாது. அந்த எரு வயலுக்குப் போகும், களை எடுப்பவர்கள் வெறுங்காலோடு இறங்குவார்கள்.

ஊசி வெட்டும் சின்ன கட்டர் நல்ல பொருள்தான். முனையை வெட்டித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். சிரிஞ்சு போடுகிறவர்களுக்கு அதைத் தாராளமாகச் சொல்வேன். இன்சுலின் பேனாவில் மாட்டும் பேனா ஊசிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். அதற்கு இரண்டு முனை. வெட்டுப்படுவது தோலில் இறங்கும் முனை. மருந்துக் குப்பியைத் துளைக்கும் பின்முனை அப்படியே இருக்கும். கடையில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் வைத்திருப்பது காலியான கழிப்பறை கிளீனர் பாட்டில். கெட்டி பிளாஸ்டிக், திருகு மூடி, காசும் இல்லை. ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலைவிட இதுவே மேல், கீழே விழுந்தால் உடையாது. பேனா ஊசியை வெளிமூடி போட்டுக் கழற்றிப் போடுகிறோம், சிரிஞ்சை மூடாமல் அப்படியே. முக்கால்வாசி நிரம்பியதும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுவோம்.

பிறகு யாரிடம் கொடுப்பது? அதுதான் பெரிய சிக்கல். வீட்டு ஊசி அபாயக் கழிவு, தனியாகத் தரவேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசிக்கென்று தனி வெள்ளை டப்பா இருக்கும், வாங்கிக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். வீடு தேடி வந்து மருந்து தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே வரும் அந்தத் திட்டத்துப் பெண்ணிடமும் விசாரிக்கலாம். வழி இல்லையென்றால், ‘ஊசி’ என்று பெரிதாக எழுதி, “அக்கா, இதுல ஊசி இருக்கு” என்று சொல்லித் தனியே கையில் கொடுங்கள். மற்ற குப்பையோடு சேர்க்காதீர்கள்.