இரண்டு மண்டையோடுகள்: ஒரே கனவை ஃப்ராய்டும் யுங்கும் படித்த விதம்

1909-இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறிய இரு மனநல மருத்துவர்கள், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டும் அவருடைய இளைய சகா யுங்கும், ஒருவர் கனவை ஒருவர் அலசிப் பார்த்தார்கள். யுங் சொன்னவற்றில் ஒன்று வீட்டுக் கனவு. மாடியில் ரொக்கோகோ என்ற பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அலங்காரப் பாணி சாமான்கள். கீழ்த்தளம் இன்னும் பழசு, செங்கல் பாவிய தரை. அதற்கும் கீழே ரோமானியர் காலத்து நிலவறை. அங்கே வளையம் மாட்டிய ஒரு கல்லைத் தூக்கினால், படிகள் குகைக்குள் இறங்குகின்றன. புழுதியில் எலும்புகள், உடைந்த பானைகள், பாதி மக்கிய இரண்டு மண்டையோடுகள்.

ஃப்ராய்ட் மண்டையோடுகளையே பிடித்துக்கொண்டார். அவை யாருடையவை? யார் சாக வேண்டுமென்ற ஆசை உள்ளே கிடக்கிறது? யுங் அவரைச் சமாளிக்க, மனைவியும் மைத்துனியும் என்று பொய் சொல்லிவைத்தார். யுங்குக்கோ வீடே மனம்: மாடி நனவு, இறங்க இறங்கத் தனிமனிதருக்கும் முந்தைய அடுக்குகள். கூட்டு நனவிலி, அதாவது மனிதர் எல்லாருக்கும் பொதுவான ஆழ்மன அடுக்கு, என்ற கருத்து இங்கே முளைவிட்டதாகப் பிற்பாடு சொன்னார். இது யுங் முதுமையில் சொன்ன ஒருதரப்புக் கதை. அந்த அளவுக்கே நம்பலாம்.

கனவு மறைக்கிறதா, காட்டுகிறதா? இருவரும் பிரிகிற இடம் இதுதான். ஃப்ராய்டுக்குக் கனவு மாறுவேடம் போட்ட ஆசை. பல ஆட்கள் ஒரே முகமாகச் சுருங்குவார்கள். முக்கியமானதன் கனம் அற்பமான ஒன்றின் மேல் இடம்பெயரும். யுங்குக்குக் கனவு ஒளிப்பதில்லை. அதன் மொழி நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

செய்முறையும் இதற்கேற்ப மாறும். ஃப்ராய்ட் வழியில் கனவை முழுசாகத் தொடக்கூடாது. துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் மனதில் வருவதை, அசிங்கம், அற்பம் என்று வடிகட்டாமல் சொல்ல வேண்டும். முந்தைய நாளின் மிச்சம் எங்கே ஒட்டியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கனவு பிடிபடாவிட்டால் அவரிடம் ஒரு உத்தி இருந்தது: திரும்பச் சொல்லச் சொல்வார். இரண்டாம் முறை எங்கே வார்த்தை மாறுகிறதோ, அங்கேதான் வேடம் நைந்திருக்கிறது. சொல்பவர் அவசரமாக ஒட்டுப்போடுகிறார்.

யுங் படத்தை விட்டு நகரவிடமாட்டார். கனவில் பலகை மேசை வந்தால், "மேசை என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது, அதன் வரலாற்றோடு சொல்லுங்கள்" என்கிற மாதிரி கேட்பார். பேச்சு மேசையிலிருந்து அப்பாவுக்கும், அப்பாவிலிருந்து கடனுக்கும் ஓடினால் மறுபடி மேசைக்கே இழுப்பார். பிறகுதான் புராணம், சடங்கு, சமய ஓவியங்களில் அதற்கு இணை தேடுவது. கடைசியாக, விழிப்பில் இவர் எந்தப் பக்கம் அதிகம் சாய்ந்திருக்கிறார், கனவு எதை ஈடுகட்டுகிறது என்ற கேள்வி. ஒற்றைக் கனவை நம்பமாட்டார். வரிசையாகப் பல கனவுகள் வேண்டும்.

ஆளுமை பற்றிய படமும் வேறு. 1923-இல் ஃப்ராய்ட் வரைந்தது இட் (அடக்கமற்ற ஆசை), ஈகோ (நடைமுறையோடு ஒத்துப்போகும் 'நான்'), சூப்பர் ஈகோ (உள்ளே கண்டிக்கும் குரல்) என்ற மூவரின் இழுபறி. யுங் சொன்னது வெளியே காட்டும் முகமூடி, நாம் ஒத்துக்கொள்ளாத நிழல், இவற்றையெல்லாம் சேர்த்து முழுமையாகும் பயணம்.

இரண்டும் சறுக்கும். ஃப்ராய்ட் வழியில், தொடர்ந்து பேசவிட்டால் எவரும் தம் புண்ணுக்கு வந்து சேருவார். அதற்குக் கனவே தேவையில்லை, ரயில் கால அட்டவணையும் போதும் என்பது யுங்கின் நியாயமான குத்தல். யுங் வழியில் ஆபத்து ஆய்வாளரின் படிப்பு. பாம்பு என்றதும் அவர் எகிப்தியப் புராணங்களுக்குப் போய்விட, போன வாரம் வாசலில் பாம்பு பார்த்த சங்கதி கேட்கப்படாமலே போகும். அதனால் முதலில் ஃப்ராய்டின் கேள்விகள், அதே படம் திரும்பத் திரும்ப வந்தால் யுங்கின் ஒப்பீடு என்ற வரிசையே எனக்குச் சரியாகப் படுகிறது.

கப்பல் கனவை யார் வென்றார்கள் என்று கேட்பதில் பயனில்லை. ஃப்ராய்ட் விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்; மனதில் வருவதற்குக் காத்திருக்கும் தன் சொந்த விதியையே விட்டுவிட்டார். யுங்கோ வந்ததைச் சொல்லாமல் கேட்டவருக்குப் பிடித்ததைச் சொன்னார். நாலே வருடத்தில், 1913-இல், இருவரின் தனிப்பட்ட நட்புறவும் முறிந்தது.