முன்சக்கரத்தில் லொடக்: லிங்க்கா, லோயர் ஆர்மா, ஷாக்கா?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவு. போன வருஷம் அத்தனை வளைவிலும் என் காரின் முன்பக்கம் லொடக், லொடக் என்று முனகிக்கொண்டே வந்தது. ஊரிலேயே ஒரு பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார், அதுவும் புதுசாகத் தார் போட்ட ரோட்டில், சத்தமே வரவில்லை. வலது பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினார், லிங்க்கைப் பிடித்து இழுத்தார், எல்லாம் இறுக்கமாக இருந்தது. "ஷாக்தான் சார். ரெண்டையும் மாத்திடலாம், ஜோடியாத்தான் மாத்தணும்."

ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்ற வேண்டும் என்றது சரி. ஷாக்தான் என்றது தப்பு. பணம் போனது, சத்தம் போகவில்லை.

அப்புறம்தான் நானே கீழே படுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்குப் புரிந்தது இதுதான்: சத்தம் எப்படி இருக்கிறது என்று விவரிப்பதில் பாதி நேரம் வீண். ஒருத்தர் லொடக் என்பார், இன்னொருத்தர் டக் என்பார், இரண்டும் ஒன்றாகவே இருக்கும். எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் சந்தேகப் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும். அதற்கு மலை ரோடு மாதிரி வசதி சமவெளியில் கிடையாது.

முதலில் ஸ்டெபிலைசர் லிங்க். இரண்டு முன்சக்கரத்துக்கும் இடையே குறுக்காக ஒரு இரும்புக் கம்பி போகும், வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிப்பது அதுதான். அந்தக் கம்பியின் நுனியை ஷாக்கோடு, சில வண்டிகளில் லோயர் ஆர்மோடு (சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கை), சேர்க்கிற சின்னத் துண்டுதான் லிங்க். பல வண்டிகளில் அதன் இரண்டு முனையிலும் குட்டி பால் ஜாயின்ட் (குழிக்குள் சுழலும் உருண்டை மூட்டு) இருக்கும், ரப்பர் கிழிந்து தண்ணீரும் மண்ணும் போனால் அது தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறினால் கம்பி சும்மா சுழலும், லிங்க்குக்குப் பெரிய வேலை இல்லை. தேயிலைத் தோட்டத்துக் கல் ரோட்டில் ஒரு சக்கரம் ஏற, மற்றது இறங்க, அப்போதுதான் லிங்க் இழுபடும், இடைவிடாமல் லொடலொடக்கும். வேகத்தடையில் அமைதி, எஸ்டேட் ரோட்டில் கச்சேரி என்றால் முதலில் லிங்க்கைப் பாருங்கள்.

லோயர் ஆர்ம் புஷ் வேறு மாதிரி. பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பின்னால் போகப் பார்க்கும், ஆர்மின் பின்பக்கத்துப் பெரிய ரப்பர் புஷ் அதைத் தாங்கும். புஷ் கிழிந்திருந்தால் ஆர்ம் கொஞ்சம் நகர்ந்து இரும்பில் முட்டும். ஒரே ஒரு 'டொப்', அவ்வளவுதான், லிங்க் மாதிரி தொடர்ந்து பேசாது. பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் திரும்பி வந்து இன்னொரு டொப். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக் தொடுகிறோம் அல்லவா, அங்கே கணக்கு வைத்த மாதிரி ஒன்று கேட்டால் பெரும்பாலும் இதுதான். சோதிக்க மலை இறங்க வேண்டியதில்லை. சமமான காலி இடத்தில் மெதுவாக முன்னால் போய் ஒரு பிரேக், ரிவர்ஸில் வந்து ஒரு பிரேக், கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைக் கொடுங்கள். ஸ்டியரிங் ஒரு பக்கம் லேசாக இழுப்பதும் கூடச் சேர்ந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும்.

ஷாக்கின் தலையில் இருக்கும் மவுண்டும் பேரிங்கும் மூன்றாவது. வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, பிறகு டங் என்று விடும். இன்னொருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்து மவுண்ட் மேல் கை வைத்தால் அந்த அதிர்வு விரலுக்கே தெரியும். ஸ்பிரிங் கிட்ட மட்டும் விரலைக் கொண்டுபோகாதீர்கள். ஷாக்கே போயிருந்தால் எண்ணெய் கசியும், ஒரு குழியில் விழுந்தபின் வண்டி இரண்டு மூன்று தடவை துள்ளும். இது எதுவும் இல்லாமல் சத்தம் மட்டும் வருகிறது என்றால் ஷாக்கைக் கடைசியில் வைக்கலாம். என் வண்டியில் கசிவும் இல்லை, துள்ளலும் இல்லை. அதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

சஸ்பென்ஷனே இல்லாத இரண்டு ஆட்களும் உண்டு. ஏற்றத்துக் கொண்டை ஊசியில் ஸ்டியரிங் முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது டகடகடக என்று சக்கர வேகத்தோடு சேர்ந்து வந்தால் அது இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சிலின் ஜாயின்ட். கல் ரோட்டில் சத்தம் வரும்போது பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுபோனால் பிரேக் பேடோ காலிப்பரோ லொடலொடக்கிறது.

பட்டறையில் லிங்க் ஏன் தப்பித்தது என்பதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும், லிங்க் விறைப்பாக நிற்கும், கையால் ஆட்டினால் அசையாது. நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போது பார்க்க வேண்டும், இல்லையென்றால் முன்பக்கம் இரண்டையும் சமமாகத் தூக்க வேண்டும். வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு லிங்க்கைக் குலுக்கினேன். வலது லிங்க் லொடக். அதே சத்தம்தான், இவ்வளவு பக்கத்தில் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி வைத்துவிட்டு தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று வரலாம். சத்தம் நின்றால் ஆள் அவர்தான். அந்த நிலையில் வண்டி வளைவில் அதிகமாகச் சாயும், அதனால் மலை இறங்கிவிடாதீர்கள்.

இதில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் பொறுமை காட்ட மாட்டேன், லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் பால் ஜாயின்ட். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியலாம், வீல் பேரிங்கிலும் அப்படித் தெரியும் என்பதால் இன்னொருவர் கீழே ஜாயின்ட்டையே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராட் பக்கம் பாருங்கள். லிங்க் அறுந்தால் சத்தமும் சாய்வும்தான் கூடும். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். அதே ரோட்டில் வரும் பர்லியார் இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்த நாளிலிருந்து வண்டியை எடுக்கக் கூடாது.

லிங்க் இரண்டையும் மாற்றினேன். ஆர்மோடு ஒப்பிட்டால் விலை கொஞ்சம்தான், வேலையும் ஒரு மணி நேரம். கல் ரோட்டுச் சத்தம் நின்றது. ஆனால் வளைவுக்கு முந்தின டொப் அப்படியே இருந்தது. ஆக இரண்டு நோய், ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. லிவரை விட்டு நெம்பிப் பார்த்தால் வலது ஆர்மின் பின்புஷ்ஷில் பிறை மாதிரி ஒரு கிழிசல்.

புஷ் மட்டும் போடுவதா, முழு ஆர்மா? புஷ் மலிவு, ஆனால் பழசை அழுத்தி எடுத்துப் புதுசை இறக்க ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது ரப்பரே காயப்படும். பால் ஜாயின்ட்டும் பழசாக இருந்து, பல சின்ன வண்டிகளில் உள்ள மாதிரி ஆர்மோடு சேர்ந்தே வருகிறதென்றால் முழு ஆர்ம்தான் புத்திசாலித்தனம், கூலியும் ஒரே தடவையோடு போகும். ஜாயின்ட் கெட்டியாக இருந்து, நம்பிக்கையான பிரஸ் பக்கத்தில் இருந்தால் புஷ் போதும். நான் முழு ஆர்ம் போட்டேன்.

போடும்போது ஒரு விஷயத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டால், வண்டி தரையில் உட்கார்ந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் இருக்கும், சீக்கிரமே கிழியும். "அண்ணே, கீழ இறக்கிட்டு டைட் பண்ணிக்கலாம்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் செய்தார். அப்புறம் மேட்டுப்பாளையத்தில் அலைன்மென்ட்.

இப்போது 14 வளைவும் அமைதி. ஜனவரிப் பனியில் காலையில் கேட்டைத் தாண்டும்போது மட்டும் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் கிரீச் என்கிறது, வெயில் ஏறியதும் நின்றுவிடுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.