விதை மாற்றத் தொடங்கி ஆறு வருடம்: கல்நீர்க் கிணற்றோடு எது தப்பியது

கணக்கை முதலே சொல்லிவிடுகிறேன். 2019 ஆனியில் இருந்து மற்றவர்களோடு மாற்றியும் காசுக்கு வாங்கியும் கொப்பியில் எழுதி வைத்த பழ விதைகள் 43 வகை. இன்று நிலத்தில் உயிரோடு நிற்பவை ஒன்பது. காய்த்தவை நான்கு, அதிலும் பப்பாசியும் கொடித்தோடையும் (பாஷன் புருட்) கணக்கில் சேராது, அவற்றை யாரும் காய்க்க வைக்கலாம். மிச்சம் இரண்டில் ஒன்று சீத்தா. மற்றது லாவுளு, மஞ்சள் சதையுள்ள ஒரு பழமரம். அந்த லாவுளுவைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இரண்டு பரப்புக் காணி. செம்மண், கீழே சுண்ணாம்புக்கல், ஒரு கிணறு. தண்ணீர் எப்படிப்பட்டது என்று கேட்டால் எங்கள் வீட்டுக் கேத்தலின் உள்பக்கத்தைக் காட்டுவேன், வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை பிடித்திருக்கும், அதுதான் கல்நீர். அரிய பழ விதை தேடி அலைகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கேத்தலைத்தான், நான் பார்க்கவில்லை.

தொடக்கத்தில் எனக்கு இருந்த ஆசைகள் ரம்புட்டானும் மங்குஸ்தானும். கொழும்புக்குக் கிட்ட மல்வானைப் பக்கம் ரம்புட்டான் வீட்டுக்கு வீடு நிற்கிறது, இங்கே ஒன்று வந்தால் என்ன என்று ஒரு நப்பாசை. ரம்புட்டான் விதை தந்தவர் நல்ல மனுசன், கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கடதாசியில் சுற்றி அனுப்பியிருந்தார். அதுதான் பிழை. ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன், ஏன் எங்கள் பலாக்கொட்டையும் கூட, காய்ந்தால் செத்துவிடும் விதைகள். கத்தரி, மிளகாய் விதை மாதிரிப் போத்தலில் போட்டு அடுத்த போகத்துக்கு வைக்க முடியாது. இரண்டாம் முறை ஈரத்தோடு அனுப்பச் சொன்னேன், அனுப்பினார், இரவு பஸ்ஸில் பொதியை எஞ்சின் பெட்டிக்கு மேல் வைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். அவிந்துபோய் இருந்தது. மூன்றாம் முறை இரண்டு முளைத்தன. ஆடிச் சோழகக் காற்றில் இலை ஓரம் கருகி, அடுத்த பங்குனிக்குள் இரண்டும் போயின. போனது நல்லது என்று இப்போது தோன்றுகிறது, ரம்புட்டான் விதையில் ஆண்மரமும் வரும், பத்து வருடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பூவை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு விதை தருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி "பழம் எப்ப வெட்டினீங்கள்?" என்பதுதான். வகையின் பெயர், தாய்மரத்தின் படம், இனிப்பு எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. திகதி சொல்லத் தெரியாதவரிடம் ஈர விதை வாங்குவதே இல்லை.

நான் அனுப்புவதென்றால் தும்புச்சோற்றை (தென்னந்தும்புத் தூள்) நனைத்து, கையால் பிழிந்து, ஒரு சொட்டும் விழாத பதத்தில் விதையைப் புதைத்து, சிப் பையில் போட்டு, மேலே வெட்டிய திகதியை எழுதுவேன். ஈரம் கூடினால் அழுகும், குறைந்தால் காயும். பப்பாசி விதைக்கு இது எதுவும் வேண்டாம், மேலே உள்ள வழுவழுப்பைச் சாம்பலில் உரசி எடுத்து நிழலில் உலர்த்தினால் போதும். அந்த வழுவழுப்போடு போட்டுவிட்டு முளைக்கவில்லை என்பவர்கள் நிறையப் பேர். 2020 டிசம்பர் புரேவிப் புயல் மழையில் என் பப்பாசி பதினொன்றும் தண்ணீர் நின்று அழுகின, அன்றிலிருந்து பப்பாசிக்கு மேடு கட்டாமல் நடுவதில்லை.

சரி, லாவுளு.

கண்டியில் ஒரு அண்ணை பாலைப்பழ விதை கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனியில் வன்னியில் இருந்து வந்து சந்தையில் குவிகிற பழம், சாப்பிட்டு வாய் ஒட்ட ஒட்டத் துப்புகிற கொட்டை, அதைப் போய் அரிய விதை என்கிறாரே என்று. ஆனால் அவருக்கு அது அரியதுதான். ஒரு பை பாலைக்கொட்டைக்கு அவர் ஆறு லாவுளு விதை தந்தார், பழம் வெட்டி மூன்றாம் நாள். "கோதை உடைச்சுப் பருப்பை மட்டும் போடும் தம்பி" என்றார். பேச்சைக் கேட்டு மூன்றை உடைத்தேன், நம்பிக்கையில்லாமல் மூன்றை அப்படியே போட்டேன். உடைத்தவை இரண்டு கிழமையில் முளைத்தன. உடைக்காதவற்றை மறந்தே போனேன், கார்த்திகை மழையில் புல்லுப் பிடுங்கும்போது இரண்டு எழும்பி நின்றன.

அந்தக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினேன். இலை மஞ்சளாகவில்லை, நுனி கருகவில்லை. சுண்ணாம்பு நிலம் லாவுளுவுக்கு ஒத்துவரும் என்பது பிறகுதான் தெரிந்தது. பாலை, இலுப்பை, சப்போட்டா, லாவுளு எல்லாம் ஒரே குடும்பம். அப்படியென்றால் அந்தக் குடும்பத்தில் எதையும் வைக்கலாம் என்று துள்ளி, புளிப்பை இனிப்பாக்கும் மிராக்கிள் பழ விதையையும் வாங்கினேன், அதுவும் இதே குடும்பம்தான். அது அமில மண் கேட்கிறது. நான்கு முளைத்து மூன்று வெளிறிச் செத்தன, நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். தண்ணீரில் வினாகிரி கலந்து ஊற்றிப் பார்த்தேன் (அம்மா "மரத்துக்கு அச்சாறு போடுறியோ" என்றா). மிஞ்சிய ஒன்று சட்டியில், பரலில் (பீப்பாயில்) பிடித்த மழைத்தண்ணீரில் உயிரை வைத்துக்கொண்டு ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. சித்திரையில் பரல் வற்றும்போது அதைவிட எனக்குத்தான் பதற்றம்.

காசு கொடுத்து வாங்கியதையும் சொல்ல வேண்டும். நீல நிற ஸ்ட்ரோபெரி என்று ஒருவர் விற்ற விதையில் முளைத்தது ஏதோ கீரைப்பூடு. அப்படி ஒரு பழமே கிடையாது. கறுத்தக்கொழும்பான் மாங்கொட்டை கேட்கிறவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை, கொட்டையில் வருவது தாய்மரம் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது, ஒட்டுக்கன்று வாங்குங்கோ. ரொறன்ரோ மச்சாள் கைப்பையில் விதை கொண்டுவரட்டோ என்று ஒவ்வொரு முறையும் கேட்பா. இலங்கையில் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் வேண்டும். சட்டத்தை விட எனக்குப் பயம் வண்டு. மாங்கொட்டைக்குள்ளேயே இருந்து வளர்கிற வண்டு உண்டு, வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

லாவுளு 2024 இல் முதன்முதல் காய்த்தது, பதினான்கு பழம், ஐந்தை அணில் முடித்தது. அம்மா ஒரு துண்டு வாயில் வைத்து, "அவிச்ச முட்டையின்ர மஞ்சள் கரு மாதிரிக் கிடக்கு, இதுக்கோ இத்தனை வருசமா வாளி தூக்கினனீ?" என்றா. பொய்யில்லை, மாவாக இருக்கும், தொண்டையில் நிற்கும். பாலும் சீனியும் போட்டு அடித்தால் நன்றாக இருக்கிறது. பழம் என்று எதிர்பார்த்துக் கடித்தால் ஏமாற்றம்தான்.

இப்போது கையில் ஏழு லாவுளு விதை இருக்கிறது, வெட்டியது முந்தநாள். மாற்றுக்கு ஸ்டார் அப்பிள் விதை இருந்தால் சொல்லுங்கோ. கோதை நீங்கள்தான் உடைக்க வேண்டும், போன முறை நான் உடைத்து அனுப்பியவை வழியிலேயே காய்ந்துவிட்டன.