செல்லம்மாவும் சீப்பும்: பர்ஷியன் பூனையோடு ஆறு வருடம்

பர்ஷியன் பூனை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், "தினமும் ராத்திரி பதினைந்து நிமிஷம் சீப்போடு ஒரே இடத்தில் உட்கார முடியுமா?" என்றுதான் முதலில் கேட்பேன். காசு இருக்கிறதா, ஏசி உண்டா என்பதெல்லாம் அப்புறம். குணத்தில் இவ்வளவு தொந்தரவில்லாத பிராணியை நான் பார்த்ததில்லை. வேலை முழுக்க அந்த முடியிலும் அந்த மூஞ்சியிலும்தான்.

2019 தீபாவளி முடிந்த வாரம் வாங்கினோம். ரெண்டு மாதக் குட்டி, க்ரீம் நிறம், 14,000 ரூபாய். விற்றவர் பெண் குட்டி என்றார், நாங்களும் செல்லம்மா என்று பேர் வைத்துவிட்டோம். முதல் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "செல்லம்மா இல்லம்மா, செல்லப்பா" என்றார். அவ்வளவு முடிக்குள் குட்டியில் கண்டுபிடிப்பது கஷ்டம்தான், ஆனால் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்குமா தெரியாது? பேரை மாற்ற மனசு வரவில்லை. தடுப்பூசி அட்டையில் இன்றைக்கும் "செல்லம்மா, ஆண்" என்றுதான் இருக்கிறது.

விற்ற அதே ஆள்தான் "ஒரிஜினல் ஈரான் பிளட்லைன்", அதாவது ஈரான் வம்சம் என்றும் சொன்னார். பிறகு படித்துப் பார்த்ததில் சிரிப்பு வந்தது. 1620 வாக்கில் பியெத்ரோ டெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி பாரசீகத்தின் கொராசான் பகுதியில் இருந்த நீளமுடிப் பூனைகளைப் பற்றி எழுதியிருக்கிறார், சரி. ஆனால் இன்று நாம் பார்க்கும் பர்ஷியன் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருட்டித் திரட்டிய பூனை. 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சியிலேயே இதற்கு இடம் இருந்தது. மரபணுவைப் பார்த்தவர்களும் இது மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்குத்தான் நெருக்கம் என்கிறார்கள். அதனால் ஈரான் பேரைச் சொல்லி யாராவது ஐயாயிரம் கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கூடக் காசு வாங்கும் இன்னொரு விஷயம் மூஞ்சி. டால் ஃபேஸ் என்றால் மூக்கு ஓரளவு வெளியே தெரியும். பஞ்ச் ஃபேஸ் என்றால் குத்து வாங்கிய மாதிரி மூக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவில் அமுங்கிப் போயிருக்கும். இரண்டுக்கும் நடுவில் செமி பஞ்ச், நம்ம செல்லம்மா அந்த ரகம். மூக்கு உள்ளே போகப் போக விலை ஏறும். மூக்கு உள்ளே போகப் போக, கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் கண்ணீர்க் குழாயும் வளைந்து நெளிந்து சரியாக வடியாது, கண்ணீர் வெளியே வழிந்து மூக்கோரம் டிகாஷன் கொட்டின மாதிரி கறையாகும், பீளை கட்டும், தூங்கும்போது குறட்டை வரும், கீழ்ப்பல் மேல்பல் பொருந்தாது. கூடப் பணம் கொடுத்து கூட வைத்தியச் செலவை வாங்குகிறோம், அவ்வளவுதான். மறுபடி வாங்குவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டால் ஃபேஸ்தான்.

காலையில் பல் தேய்த்த கையோடு அவன் கண்ணைத் துடைப்பது என் வேலை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, கண்ணின் உள்மூலையிலிருந்து வெளியே ஒரே இழுப்பு. ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. ரெண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் அந்த ஈரத்தில் தோல் சிவந்துவிடும், நாற்றமும் வரும்.

இப்போது முடிக்கு வருகிறேன். இதன் முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான பட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி குட்டை முடி. உதிர்கிற முடி தரையில் விழுந்தால் பெருக்கி அள்ளிவிடலாம், பிரச்சினையே இல்லை. விழாமல் அடி முடியோடு பின்னிக்கொண்டு சிக்காகும். நாள் கணக்கில் விட்டால் அந்தச் சிக்கு தேங்காய் நார் மாதிரி கெட்டியாகி தோலைப் பிடித்து இழுக்கும், அந்தப் பூனைக்கு நடந்தாலே வலிக்கும். காதுக்குப் பின்னால், அக்குள், அடிவயிறு, தொடை இடுக்கு, வாலுக்கு அடியில், இந்த ஐந்து இடத்தையும் விரலால் தடவிப் பார்த்தாலே போதும், மற்ற இடத்தில் அவ்வளவாக வராது.

ஆரம்பத்தில் எனக்கு இது தெரியாது. மெல்லிய கம்பிப் பல் வைத்த ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று வாங்கி தினமும் மேலாக வாரிவிட்டு, அடடா என்ன பளபளப்பு என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். நாலு மாதம் கழித்து அக்குளில் கையை விட்டால் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. கேன்சரோ என்று பயந்தே போனேன். விலக்கிப் பார்த்தால் சிக்கு. அவசரத்தில் தையல் கத்தரியை எடுத்தேன், அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். சிக்கை இழுத்துப் பிடிக்கும்போது கூடவே தோலும் கூடாரம் மாதிரி எழும்பி வரும், அதன் தோல் காகிதம் மாதிரி மெல்லியது, முடி எது தோல் எது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு வெட்டு, அவன் கீச்சென்று ஒரு சத்தம், என் விரலெல்லாம் ரத்தம். மூன்று தையல். அன்றைக்கு ராத்திரி நானும் சாப்பிடவில்லை அவனும் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் கத்தரி பக்கமே போவதில்லை. சிக்கு மேல் கொஞ்சம் சோள மாவு (கார்ன்ஃப்ளார்) தூவி விரலால் பிசைந்து பிரிப்பேன். ஒரு கையால் சிக்கின் அடியை, தோலை ஒட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டால் இழுப்பது தோலுக்குப் போகாது. பிறகு அகலப் பல் எஃகு சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்குச் சிக்கெடுக்கிற மாதிரியேதான். சீப்பு தோல்வரை போய்த் தடைபடாமல் வெளியே வந்தால் அந்த இடம் முடிந்தது. முகத்துக்குப் பேன் சீப்பு. எதற்கும் பிரியாத சிக்கை கிளினிக்கில் மெஷின் வைத்து எடுக்கச் சொல்லிவிடுவேன். வாலுக்கு அடியில் மட்டும் மாதம் ஒருமுறை முடியைக் குட்டையாக்கச் சொல்வது உண்டு, இல்லாவிட்டால் அவன் கக்கூஸ் போகும் லிட்டர் பெட்டியிலிருந்து எதை ஒட்டிக்கொண்டு சோபாவுக்கு வருவான் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருச்சி வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். கத்திரியில் மத்தியானம் ஒரு ரூமில் ஏசி 27ல் ஓடும், இதில் சமரசமே கிடையாது. பூனைக்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான், சப்பை மூக்கில் மூச்சு வாங்கியும் சூட்டை ஒழுங்காக வெளியேற்ற முடியாது. வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சிரைத்தால் யோசிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். 2021 ஏப்ரலில் ஒருதடவை லயன் கட் அடித்தோம், உடம்பெல்லாம் மழித்து தலையிலும் வால் நுனியிலும் மட்டும் முடி. ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியில் இருந்து வெளியே வரவில்லை. பழைய முடி வர தீபாவளி ஆகிவிட்டது. இரண்டாவது தடவை செய்யவில்லை.

குணம்? மேஜையைத் தாண்டி உயரமாக எதிலும் ஏற மாட்டான். பல்லி சுவரில் போனால் படுத்தபடி தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பான். குரல் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், சாப்பாட்டுக்கு வாயைத் திறப்பான், பாதி நேரம் சத்தம் வராது. மடியில் உட்கார மாட்டான். ஆனால் நான் எந்த ரூமில் இருக்கிறேனோ அந்த ரூம் வாசலில் வந்து படுப்பான். மிக்ஸி சத்தம் ஆகாது, விருந்தாளி வந்தால் ஆள் அட்ரஸ் இல்லை. என் மாமியார் முதலில் "பூனை முடி பட்டா இழுப்பு வரும், வீட்டுக்குள்ள வேண்டாம்மா" என்றவர். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார், சொல்லிக்கொண்டே அவனுக்குச் சங்கரா மீனை வேகவைத்து முள் எடுத்துக்கொண்டிருக்கிறார். தயிர்சாதம் கொடுப்பதைத் தடுக்கத்தான் ஒரு வருடம் போராட வேண்டியிருந்தது. பூனைக்கு டாரின் என்ற சத்து கண்டிப்பாக வேண்டும், அது மாமிசத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று, இவன் நாக்கின் அடிப்பக்கத்தால் தீனியை வாரி எடுப்பான். பர்ஷியன்கள் நிறைய அப்படித்தானாம். ராயல் கேனின் என்ற தீனிக் கம்பெனியில் இந்த இனத்துக்கென்றே பாதாம் வடிவத்தில் போடுகிறார்கள், அது இவனுக்கு ஒத்துவருகிறது. தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் ஒரு வேளை ஈர உணவு.

வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது இரண்டு. ஒன்று படர்தாமரை. வந்த மூன்றாவது வாரம் அவன் காதோரம் சொட்டை விழுந்தது, பத்து நாளில் என் பெண்ணின் முழங்கையில் ரூபாய் நாணயம் மாதிரி வட்டம். நீளமுடிக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால் இந்த இனத்தில் இது அதிகம். மாத்திரை, மருந்துக் குளியல், வீடு முழுக்க வாக்குவம், ரெண்டு மாதம் பிழைப்பே அதுதான். இன்னொன்று சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வளரும் பிகேடி. அம்மா அப்பாவில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரலாம். காரணமான மரபணுப் பிழையை 2004லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், பரிசோதனையும் இருக்கிறது. விற்பவரிடம் அதன் ரிசல்ட்டைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, கேட்கத் தெரியாது. ஸ்கேனில் செல்லம்மாவுக்கு இதுவரை ஒன்றும் இல்லை.

தீனி, லிட்டர், முடி வெட்ட எல்லாம் சேர்த்து மாதம் நாலாயிரத்துக்குக் குறையாது, கரண்ட் பில் தனி. கறுப்புப் புடவை கட்டுவதை 2020லேயே நிறுத்திவிட்டேன்.